அப்பாவை ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நாங்க ரெண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அங்க அப்படியே இருக்கணும். உன் ரூம் ஜன்னலுக்குக் கண்ணாடி மாத்தியாச்சு. சித்தப்பா முழங்கால் வலின்னு மாடிக்கு வர்றதில்ல. போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன்.

நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டர்ல ஒரு ஆராய்ச்சி நடக்குதுன்னு சொன்னேனே. மூளை செல்லுக்குள்ள இருக்கிற தண்ணி அதோட சவ்வைத் தாண்டி வெளிய போயிட்டும் உள்ள வந்துட்டும் இருக்கும், அது எவ்வளவு வேகமா நடக்குதுன்னு ஊசி போடாம, தண்ணியோட அசைவை வச்சே எம்ஆர்ஐ மெஷின்ல அளக்கிறாங்க. புது முறைங்கிறதால அளவு சரிதானான்னு பார்க்க ஒரே ஆளை ஒரே நாள்ல ரெண்டு தடவை எடுக்கணும். மறதி வியாதிக்காரங்களோட ஒப்பிட, நல்லா இருக்கிற வயசானவர் ஒருத்தர் குறைஞ்சார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர் வீட்ல சும்மாதானே இருக்காருன்னு உங்கப்பாவை நான்தான் இழுத்துட்டுப் போனேன், மெஷினை இயக்கினதும் நான்தான். படுத்ததும் இந்தச் சுரங்கத்துல ஹாரன் அடிக்கலாமான்னு கேட்டார், எல்லாரும் சிரிச்சோம். முக்கால் மணி நேரம் தலையை அசைக்கல. இறக்கி, டீ வாங்கிக் கொடுத்து, மறுபடி படுக்க வச்சேன். இந்தச் சுரங்கத்துல ஹாரன் அடிக்கலாமான்னு கேட்டார். வம்புக்குச் சொல்றாருன்னு நினைச்சு, ஒரு தடவை சிரிச்சாச்சு போதும்னேன். எப்ப சிரிச்சே, நான் இப்பதானே முதல்ல படுக்கிறேன்னார். அவர் தலையைச் சரி பண்ணி வச்சு, ரெண்டாவது ஸ்கேனையும் முடிச்சேன்.

ரெண்டு அளவும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்திருச்சு. ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நல்லா இருக்கிறவங்க பட்டியல்ல அவரைச் சேர்த்துட்டாங்க. ரெண்டு நாள் நான் வாயைத் திறக்கல. வீட்ல நடந்த சின்னச் சின்ன மறதியெல்லாம் வயசுன்னு தள்ளிவிட்டவ நான்தானே. மூணாவது நாள் டாக்டரம்மாகிட்ட போய், அவரை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்கன்னு சொல்லிட்டு, பாத்ரூம்ல நின்னு அழுதேன். அந்தத் தண்ணி அளவை வச்சு ஒரு தனி ஆளைப் பத்தி இன்னும் எதுவும் சொல்ல முடியாதாம், நரம்பு டாக்டர் பார்த்துத்தான் சொல்லணுமாம். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியாச்சு.

அடிச்சுப் பிடிச்சு டிக்கெட் போடாதே, வயித்துல மூணு மாசத்தோட நீ அலையக் கூடாது. போன்ல அப்பாகிட்ட ஞாபகம் இருக்கான்னு பரீட்சை வைக்காதே, கேட்டதையே கேட்டார்னா முதல் தடவை சொல்ற மாதிரியே சொல்லு. உனக்குக் குழந்தை வரப்போகுதுன்னு நேத்து மட்டும் அவர்கிட்ட மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் எழுந்து நின்னு கை தட்டினார்.

நீயும் வயித்துல இருக்கிறதும் குறையில்லாம நல்லா இருக்கணும். இரும்பு மாத்திரையை விடாதே.

இப்படிக்கு,
அம்மா