அப்பாவின் குறட்டை மெஷினுக்கு வந்த கடிதம்

என் அருமைக் குறட்டைக்கார அப்பாவுக்கு,

உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. 'மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கவலை' என்று ஆரம்பித்திருந்தார்கள். இப்போதுதான் கவலை வந்ததா?

விஷயம் உங்கள் குறட்டை மெஷின். தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருமே, அதற்காக முகமூடி வழியே காற்றைத் தள்ளிய பெட்டி. அதற்குள் காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் தட்டு அளவு மீறிக் கொதிக்கலாமாம். பின்பக்கத்து எண் எங்கள் பட்டியலில் இருந்தால் உடனே நிறுத்துங்கள், மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். பயப்படாதீர்கள், உங்களைக் கொண்டுபோனது உங்கள் இருதயம்தான். டாக்டரிடம் கேட்டுவிட்டேன்.

ஆனால் மெஷின் நம்மிடம் இல்லை. உங்கள் பதினாறாம் நாள் படையல் முடிந்ததும், அம்மா உங்கள் சட்டைகளோடு அதையும் கிள்ளானில் இருக்கும் செல்வம் அங்கிளுக்குக் கொடுத்துவிட்டார். "லோரி ஓட்டுற மனுஷன், ராத்திரி குறட்டை, பகல்ல தூங்கி விழறாரு. அவருக்காவது உதவட்டும்." உங்களுக்கு வைத்த காற்றின் அளவு அவருக்குச் சரிவருமா என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடினேன். அங்கிள் சிரித்தார். "நல்லாத்தானேம்மா ஓடுது? உங்கப்பா ஆசீர்வாதம் அது."

"ஆசீர்வாதம் மூஞ்சிய சுட்டுரும், அங்கிள். அந்த நம்பரக் காட்டுங்க."

எண்ணைக் காணோம்! இரண்டு ஆயுத பூஜைக்கும் அங்கிள் வீட்டு ஆன்டி மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். "முன்னாடி பட்டன் இருக்கு, கெட்டுப்போயிரும்னு பின்னாடி வெச்சேன்மா" என்றார். அவ்வளவு பொறுப்பு! பொட்டு சரியாக அந்த ஸ்டிக்கர் மேலேயே காய்ந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். சந்தனம் வந்தது, கூடவே எழுத்தும் வந்துவிட்டது.

"சாமி பொட்ட அழிச்சா இப்படித்தான்" என்றார் ஆன்டி.

அப்போதுதான் உங்கள் பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. ரைஸ் குக்கர், ஃபேன், அயர்ன் என்று எது வாங்கினாலும் வாரண்டி அட்டையை நிரப்பி அனுப்பிவிட்டு, அடிக்கட்டையை அதில் போட்டு வைப்பீர்களே. "அப்பாவுக்கு வேற வேலை இல்ல லா" என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்? அம்மாவுக்குப் போன் போட்டேன். டின்னைத் திறந்து, உங்கள் கையெழுத்தில் இருந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். கடிதத்தோடு வந்த பட்டியலில் அது இருந்தது.

மெஷினை நிறுத்தினோம். கிளினிக் டாக்டர் அங்கிளைப் பரிசோதித்துவிட்டு, வேறு மெஷின் வரும்வரை லோரியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கிளின் சிரிப்பு நின்றது. "ஒரு வாரம் நின்னா முதலாளி வேற ஆள போட்டுருவாரும்மா. ஐம்பத்தெட்டு வயசுல எனக்கு எவன் வேலை கொடுப்பான்?"

திங்கட்கிழமை பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் அந்தக் கம்பெனியின் கவுன்டரில் நின்றேன். ஒரு தமிழ்ப் பெண்தான் இருந்தாள்.

"ரெஜிஸ்டர் பண்ணவர் நேர்ல வந்து சைன் பண்ணணும்க்கா. ரூல்ஸ் லா."

"அவர் வரமாட்டார்."

"ஏன், பிசியா?"

"செத்துட்டார்."

பாவம், அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். மெஷின் கைமாறினால் கம்பெனி பொறுப்பில்லையாம். எனக்கு வந்ததே கோபம். அப்படியானால் அட்டையில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான் மூச்சா? புதிது வாங்க வழியில்லாமல் பழையதை வாங்கிப் போட்டுக்கொள்கிறவன் முகம் வெந்தால் பரவாயில்லையா? நான் கத்தவில்லை, அப்பா. அங்கே காத்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி கடிதத்தின் முதல் வரியை வாசித்தேன். பிறகு இன்னொரு முறை. மூன்றாவது முறை வாசிக்குமுன் மேனேஜர் ஒரு ஃபார்மோடு வெளியே வந்தார்.

புதன்கிழமை மாற்று மெஷின் வந்தது. இந்த முறை கிளினிக்கில் அங்கிளுக்கென்றே அளவு வைத்தார்கள், அட்டையில் அவர் பெயரையே எழுதினோம். டாக்டர் சரி என்ற பிறகு, நேற்று மறுபடியும் லோரி ஏறினார். "இப்ப குறட்டையே இல்ல, வீடு அமைதியா இருக்கு, எனக்குத்தான் தூக்கம் வரல" என்று ஆன்டி புகார் செய்கிறார்.

இதேபோல இன்னும் எத்தனை வீடுகளில், செத்தவர் பெயரில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்? கடிதத்தின் நகலை நம் ஃபிளாட் லிஃப்டில் ஒட்டினேன். சாயங்காலமே அதன் மேல் யாரோ கேட்டரிங் விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். நான் அதன் மேல் மறுபடி ஒட்டினேன். யார் முதலில் ஓய்கிறார்கள், பார்ப்போம்.

இனி நம் வீட்டிலிருந்து எதை யாருக்குக் கொடுத்தாலும், வாங்குகிறவர் பெயரைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் கொடுப்பேன். சத்தியம். டின்னில் இடமில்லை, இன்னொன்று வாங்கிவிட்டேன். பிஸ்கட்டை அம்மா தின்றுகொண்டிருக்கிறார்.

உங்களைக் கிண்டல் செய்த அதே வாயோடு,
உங்கள் சின்ன மகள்