தள்ளிக்கொண்டு வந்த காருக்குப் பாஸ் கிடையாது

என்னங்க,

கோவிச்சுக்கிட்டு கார்லயே படுத்துத் தூங்கினா, நான் புகை டெஸ்ட்ல பாஸ் போட்டுடுவேனா? வீட்டுல நான் உங்க பொண்டாட்டி, சென்டர்ல நான் இன்ஸ்பெக்டர்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு வேகம் கூட்ட சூப்பர்சார்ஜர் மாட்டினீங்க, சரி. மிக்ஸி மாதிரி கத்துது, அதுவும் போகட்டும். ஆனா கழுவின வண்டியில தூசி படக்கூடாதுன்னு, உங்க தம்பியை விட்டு சென்டர் வரைக்கும் தள்ளிக்கிட்டா வருவாங்க? இன்ஜின் சூடானாத்தான் கன்வெர்ட்டர் புகையைச் சுத்தம் பண்ணும். நேத்து ஃபெயில் போட்டப்பவே சொல்ல வந்தேன், நீங்கதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க.

இன்னைக்கு பைபாஸ்ல நல்லா ஒரு சுத்து ஓட்டிட்டு, சூட்டோட நேரா வாங்க. வரிசையில நில்லுங்க. "இன்ஸ்பெக்டர் என் பொண்டாட்டி"ன்னு யார்கிட்டயும் பீத்திக்காதீங்க.

சாவியை பாக்கெட்ல தேடாதீங்க. சமையலறையில மூடி வெச்சிருக்குற சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில இருக்கு. சாப்பிட்டுட்டு எடுங்க.

பி.கு: கடைசி வண்டியா வாங்க, சேர்ந்தே வீட்டுக்கு வந்துடலாம். பக்கத்து சீட்டுல கிடக்குற பழைய டயரை இறக்கி வைங்க. பாஸானாலும் ஃபெயிலானாலும் அது என் சீட்டு.

இன்னொண்ணு: ஃபெயிலானா நான் உள்ள உக்காந்து ஸ்டியரிங் பிடிச்சுக்கறேன். நீங்க தள்ளுங்க.