அடிக்குழித் தண்ணீர்

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாய்மரப் படகின் அடிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது, நாற்றம் தாங்கவில்லை, புது மனைவி உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை எப்படி ஈரமில்லாமல் வைத்திருந்தேன் என்று இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறீர்கள்.

சொல்கிறேன். தரைப் பலகையைத் தூக்கிவிட்டு முட்டி போட வேண்டும். பம்பின் வாயில் சிக்கிய முடியையும் நூலையும் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மீதித் தண்ணீரைப் பஞ்சில் ஒற்றிப் பிழிய வேண்டும். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கடல், இல்லாவிட்டால் மழை.

நான் அப்படிக் குனிந்திருந்த ஒரு நாள், மேலே உங்கள் நண்பர், "வீட்டம்மா எங்க?" என்றார்.

"அவ கீழ கிடக்கா. அவளுக்கு அந்த இடந்தான் லாயக்கு," என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நடுவில் இருந்தது மேல்தளத்தின் மெல்லிய பலகைதான்.

பட்டறைக்காரர் பலமுறை வந்தும் கசிவு எந்த இடுக்கில் என்று பிடிபடவில்லையாமே. பயப்படாதீர்கள், அதற்கெல்லாம் படகு மூழ்காது. தினமும் காலையில் இறைக்க வேண்டும், அவ்வளவுதான். மகளை ஏற்றிக்கொண்டு மட்டும் கரையை விட்டுப் போகாதீர்கள்.

போன ஞாயிறு உங்களைப் பார்த்துவிட்டு வந்தவள் சொன்னாள்: "அப்பா முட்டி போட்டுத் தண்ணி எறச்சிட்டு இருந்தாரும்மா. பாவமா இருந்துச்சு. எங்க ஒழுகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடி," என்றேன்.

குழந்தையிடம் சொன்ன பொய் உறுத்துகிறது. உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். வருடாவருடம் அந்த இடுக்கை அடைத்தவள் நான்தான்.

இப்படிக்கு,
அவள் அம்மா