சேர்க்காமல் விட்ட நாள்

போர்ட் லூயிஸ்,
20 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அம்மாவின் பாதங்களில் என் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அப்பாவின் கருமாதியை நானும் இங்கே தேர் ரூஜ் என்கிற ஊர்க் கோயிலில் செய்தேன். அதில் ஒரு சின்னக் குளறுபடி, நீங்கள் வருத்தப்படக் கூடாது. பதினாறாம் நாள் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். கோயில் வேலைகளைக் கவனிக்கும் பொன்னுசாமி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

“நேத்து பதினாறு, மிஸ்யே. செத்த நாள்தான் ஒண்ணு,” என்றார்.

இங்கே வாத்தியாரை மிஸ்யே என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நான், முதல் நாளைச் சேர்க்காமலே எண்ணியிருக்கிறேன். அங்கே தம்பி முந்தின நாளே எல்லாம் முடித்திருப்பான். பொன்னுசாமி எள்ளை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள். நீங்கள் இடித்த மிளகாய்ப் பொடியும் கொஞ்சம் வேண்டும். இங்கே கிடைப்பது வேறு மாதிரி இருக்கிறது.

கப்பல் தபாலைக் கட்டப் போகிறார்கள், முடித்துவிடுகிறேன். அந்த முதல் நாளை ஏன் விட்டேன் தெரியுமா அம்மா? தந்தி மறுநாள்தான் வந்தது. அவர் போன அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய், மார்கழிக்கு அவர் போர்த்திக்கொள்ள ஒரு சால்வை வாங்கி வந்தேன். எனக்கு அன்றைக்கு அப்பா இருந்தார்.

உங்கள் மகன்,
கலியபெருமாள்