கெட்டிமேளத்துக்கு முன்னால் உம்முடைய நாடி

இன்று காலை கமராப் பையைத் துடைக்கக் கவிழ்த்தபோது, தவில் அடிக்க நீர் வலக்கை விரலில் மாட்டும் கூடு ஒன்று உருண்டு விழுந்தது. எந்தக் கலியாணத்தில் என் பைக்குள் போட்டீரோ தெரியாது. கழற்றியதைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு ஊரெல்லாம் தேடுகிற ஆள்தானே நீர். கொஞ்சநேரம் அழுதேன். பிறகு சிரிப்பு வந்தது. உமக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது.

உம்முடைய சின்னமகளின் கலியாணம் போன கிழமை வேலணையில் நடந்தது. படம் எடுத்தவன் நான்தான்.

முதலில் மாட்டேன் என்றுதான் இருந்தேன். நீர் கண்ணை மூடியபிறகு ஒரு கலியாணமும் ஏற்கவில்லை. காரணம் உமக்குத் தெரியும். தாலி கட்டும் நேரம் மாமன்மாரும் சித்தப்பாமாரும் மணவறையைச் சுற்றி மதில்போல நின்றுவிடுவார்கள். மணமக்களைப் பார்க்க ஓர் இடுக்குக் கிடைக்கும். கெட்டிமேளத்துக்கு ஐயர் கை உயர்த்துவது தெரியாது. பிலிம் காலத்தில் பிளாஷை முந்தி அடித்துவிட்டால், அது திரும்பத் தயாராவதற்குள் தாலி ஏறிவிடும். அந்தப் படத்துக்காக வெளிநாட்டில் ஒரு தாயோ அண்ணனோ காத்திருப்பார்கள். இன்னொருதரம் கட்டும் என்று மாப்பிள்ளையைக் கேட்க ஏலுமா? அனலைதீவுக் கலியாணமொன்றில் நான் தவித்ததைக் கண்டு நீர்தான் சொன்னீர்: “ஐயற்ர கையை நான் பாக்கிறன். நீர் என்ர நாடியைப் பாரும் காணும்.”

அன்றிலிருந்து கெட்டிமேளத்துக்கு ஒரு கணம் முந்தி உம்முடைய நாடி, அந்த முகவாய்க்கட்டை, மேலே போகும், நான் அழுத்துவேன். இத்தனை வருடத்தில் ஒரு தாலிகட்டும் தவறவில்லை. நயினாதீவில் கொழும்பு முதலாளி ஒருவர் எனக்கு முன்னால் வந்து நிற்க, இருந்தபடியே தவில் கம்பால் அவர் இடுப்பில் குத்தினீரே! மனிசன் துள்ளி விலகினார், படம் கிடைத்தது. பந்தியில் என்னைத்தான் முறைத்தார்.

நான் எடுக்காவிட்டால் உமக்கு மனம் ஆறாது என்று உம்முடைய மனைவி வந்து சொன்னபிறகு எப்படி மறுப்பது? போனேன். மேளக்காரரை ஒரு தூணுக்குப் பின்னால் இருத்தியிருந்தார்கள். போதாததற்குச் சுற்றிவரக் கைபேசிகள். பிள்ளை கூறைச்சேலை மாற்றிவந்து இருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். உம்முடைய பிள்ளையின் தாலிகட்டையே தவறவிடப் போகிறேன் என்று நினைத்தபடி கமராவைத் தூக்கிப் பிடித்தேன்.

அப்போது, குனிந்திருந்த மணப்பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஐயர் அவளுக்கு நேரே இருந்தார். அவளுடைய நாடி மேலே போனது. அழுத்தினேன். மேளம் அதிர்ந்தது.

அப்பாடா! அப்படியே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். பிறகு அவளிடம் கேட்டபோது, “அப்பா வீட்டில சொல்லிச் சிரிக்கிறவர், மாமா,” என்றாள். “அந்தாள் என்ர நாடியை நம்பித்தான் சீவிக்குது எண்டு.”

உண்மைதான். நல்லாகச் சீவித்தேன். அதற்கு உமக்கு நன்றி சொன்னதாக ஞாபகமில்லை, இப்போது சொல்கிறேன்.

நேற்றுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் எல்லோரும் தாலியைப் பார்க்க, பெண் மட்டும் நாடியை உயர்த்திக் கமராவைப் பார்க்கிறாள். தாலி ஏறும்போது இப்படியா நிமிர்ந்திருப்பது என்று தாய் ஏசத் தொடங்கினார். பிறகு படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“அவர் வந்தவர்தான்,” என்றார்.

உம்முடைய கூட்டைத் திரும்பவும் பைக்குள்ளேயே போட்டிருக்கிறேன். காரைநகரில் ஒரு கலியாணத்துக்குக் கேட்டார்கள், ஓம் என்றுவிட்டேன். அங்கே யாருடைய நாடியைப் பார்ப்பேனோ தெரியாது. ஆனால் பயம் போய்விட்டது.