போட்டாதாங்குக்குப் போன பெயர்

ரங்கூன்
18.6.2006

அன்பு மகன் ஜுல்ஃபிகருக்கு அம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாரும் படுக்கையில் இல்லை, பினாங்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மழை பிடித்துக்கொண்டது, அடுப்படியில் ஒழுகுகிறது, அது கிடக்கட்டும். உன் தங்கை இன்ஷாவின் படிப்பு நின்றுபோய்விட்டது.

நம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரும்பிய வேறு பள்ளிக்கு மாறிப் படிக்கப் பேட்டைச் சங்கத்தில் உதவித்தொகை தருகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அது இன்ஷாவுக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் ஆசைப்பட்டது போட்டாதாங் பக்கத்துப் பள்ளியை, ஒன்பதாம் வகுப்பு அங்கே படித்தால் டாக்டருக்குப் படிக்கப் போகலாம் என்று. அங்கே அந்தப் பேட்டைப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். அதற்கு இங்கே எல்லாரும் செய்வது உனக்குத் தெரியும், வார்டு ஆபீசில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரரின் வீட்டுப் பட்டியலில் பிள்ளையின் பெயரை ஏற்றிவிடுவார்கள். சங்கம் முடிவு சொல்லட்டும், பிறகு மாற்றலாம் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். உன் அத்தா கேட்டால்தானே! இடம் போய்விடும் என்று அவசரப்பட்டு போட்டாதாங்கில் இருக்கும் உன் பர்கத்துல்லா மாமா வீட்டுக்குப் பெயரை மாற்றிவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி வந்து நின்றார்.

மறுவாரம் சங்கச் செயலாளர் முத்து முகம்மது கூப்பிட்டனுப்பினார். தொகை இந்தப் பேட்டைப் புள்ளைங்களுக்குத்தான், ஒங்க புள்ள இப்ப போட்டாதாங் புள்ளயால்ல ஆயிருச்சு, நான் என்னங்க பண்றது என்றாராம். தொகை இல்லாமல் அந்தப் பள்ளிச் செலவு நம்மால் ஆகாது. பழைய பள்ளிக்கு ஓடினோம். தலைமை ஆசிரியை, அந்தப் பெரிய சயாமா, நல்ல மனுஷிதான், ஆனாலும் பெயரைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் சேர்க்க முடியும் என்றுவிட்டார். வார்டு ஆபீஸ் குமாஸ்தாவோ, இப்போதுதானே மாற்றினீர்கள், இனி அடுத்த வருஷம் வாருங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த வருஷம் அவள் புத்தகத்தைத் தொடுவாளோ என்னவோ, எனக்கு நம்பிக்கையில்லை. இப்போது பரீதாவின் தையல் கடையில் உட்கார்ந்து காஜா எடுக்கிறாள். அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும், அவள் அழவேயில்லை. பள்ளிக்கூடத்துப் பச்சை லுங்கியை மட்டும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். உன் அத்தாவைத் திட்டித் தீர்த்துவிட்டேன், இப்போது அவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை.

நீ அவரைக் கோபித்து எழுதாதே. கூடுதல் வேலை பார்த்து உடம்பையும் கெடுத்துக்கொள்ளாதே, இப்போது பணம் வந்தாலும் போட்டாதாங் பள்ளியில் சேர்க்கை முடிந்துவிட்டது. தொழுகையை விடாதே, மழையில் நனையாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பெண்ணையும் தரட்டும்.

ஒன்று மறந்துவிடாதே. வெள்ளிக்கிழமை ஜமால் கடைக்கு நீ போன் பண்ணினால் இன்ஷாதான் எடுப்பாள். போட்டாதாங் பள்ளிக்குப் போகிறேன், நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்பாள். அண்ணன் மனசு உடைந்துவிடும், அப்படியே சொல் என்று உன் அத்தா சொல்லிவைத்திருக்கிறார். நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. என்ன பாடம் நடந்தது, பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேள். போன் பேசுகிற அந்த நேரமாவது அவள் பள்ளிக்கூடம் போய்விட்டு வரட்டும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா ஃபக்ருன்னிசா