இன்யுவுக்குள் ஒரு நாள்

ஆகஸ்ட் 18, திங்கள்
விடியலிலேயே தூறல். கோலம் கரைந்தது. அவருடைய தலைத் திவசத்துக்கு வாங்க: எள், பச்சரிசி, வாழையிலை.

அயர்லாந்திலிருந்து செந்தில். டிக்கெட் போட்டுவிட்டானாம், செப்டம்பர் 2-க்கு. "அப்பா போன தேதிதானேம்மா?" அடப்பாவி! ஆவணி அமாவாசையில் போனவருக்குத் திதியும் ஆவணி அமாவாசை. இந்த வருஷம் 22-ஆம் தேதியே வருகிறது. லீவை மாற்ற முடியாதாம். ஒரே பிள்ளை. அவன் இல்லாமல் யார் எள்ளும் தண்ணியும் விடுவது?

19, செவ்வாய்
தூக்கம் சரியில்லை. மருமகள் கியாரா போன். அங்கே பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் மொழி டீச்சர். அவள் தமிழ் இப்போது பரவாயில்லை. "சாரி அத்தை. திவசம்னா என்ன அர்த்தம்?"

நாள்னு அர்த்தம்மா, வடமொழி என்றேன். அப்புறம் சொன்னாள். அவர்கள் மொழியில் இன்றைக்கு என்பது 'இன்யு'. நம்ம 'இன்று' மாதிரியே இருக்கே! அது தற்செயலாம். பழைய காலத்தில் 'இன்-தியு'. 'தியு' என்றால் 'நாளில்'. அதற்கும் நம் திவசத்துக்கும் ஒரே வேர்.

உள்ளே நாள் இருப்பது அவர்களுக்கே மறந்துபோய், முன்னால் இன்னொரு நாளைச் சேர்த்து 'அன் லா இன்யு' என்கிறார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. பால் பொங்கி வழிந்தது.

20, புதன்
ஐயர்: "பிள்ளை எங்க இருக்காரோ அங்கயே ஆத்துல விடட்டும்மா. போன்ல நான் சொல்றேன்." அப்பாடா. செந்தில் கறுப்பு எள் தேடி அலைகிறானாம். நன்றாக அலையட்டும்.

வெண்டைக்காய் நறுக்கும்போதும் இன்யு, இன்யு. எத்தனை ஆயிரம் வருஷம், எத்தனை வாய்! யார் கவனிக்காவிட்டாலும் அந்த நாள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பயமாகக்கூட இருக்கிறது.

மின்கட்டணம் நாளைக்குக் கடைசி.

22, வெள்ளி
நல்ல வெயில். திருக்காட்டுப்பள்ளி படித்துறை, பகல் ஒரு மணி. காவிரியில் தண்ணீர் தளும்ப. போனில் அவர்கள் ஊர் ஆறு, காலை எட்டரை, மழை. கியாரா குடை பிடிக்க, செந்தில் கையில் எள்.

"அப்பா பேர் சொல்லுங்க" என்றார் ஐயர். வாயைத் திறந்தான். வரவில்லை. தேம்புகிறான்.

"பேரு சொல்லுங்க தம்பி, நேரமாவுது."

முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு நாளும் நான் வாயால் சொல்லாத பேர். ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவேன்.

சொன்னேன். கோவிந்தராஜன்.

அவன் தண்ணி விட்டான்.